கண்காணிப்பில் உள்ள துரு

புரூஃப் சாரின் காரில் அது முதலில் ஒரு முற்றுப்புள்ளி அளவில்தான் இருந்தது. இடது பக்க முன் மட்கார்டில், சக்கரத்துக்கு மேலே வளையும் விளிம்பில், எங்கோ ஒரு கல் தெறித்துப் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் பழுப்பாக ஒரு புள்ளி. வேறு யாராக இருந்தாலும் ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்திருப்பார்கள். அவர் இருபத்தாறு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். இருக்கக் கூடாத இடத்தில் ஒரு புள்ளி இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

பக்கத்து வீட்டுப் பெயின்டர் குனிந்து பார்த்தார். வீடு, வண்டி என்று எதற்கும் வர்ணம் அடிக்கிறவர்.

"பத்து நிமிஷ வேலை சார் இது. சோப்புத் தண்ணில கழுவி நல்லா காய விடணும். தகரம் பளிச்சுன்னு தெரியற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். ஒரு பூச்சு பிரைமர், மேல ரெண்டு பூச்சு கலர். உள்பக்கம் சேறு அப்பிக் கிடக்கு பாருங்க, அதையும் பைப் வச்சு அடிச்சு விட்டா மறுபடி எட்டிப் பார்க்காது. ஞாயித்துக்கிழமை காலையில முடிச்சுடலாம்."

கதை இந்த இடத்திலேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் புரூஃப் சார் நேர்மையானவர். துருத் தடுப்பு வாரியத்தின் சுவரொட்டி அவருடைய அச்சகத்தில்தான் அச்சாகியிருந்தது, அவரே திருத்தியது. 'வாகனத்தில் துரு கண்டால் ஏழு நாட்களுக்குள் வாரியத்திடம் தெரிவிக்க வேண்டும். தாமாகத் தொடுவது குற்றம்.' தன் கையால் திருத்திய வாசகத்தைத் தானே மீறுவது அவருக்குச் சரியாகப் படவில்லை.

"ஏங்க, ஒரு புள்ளிக்கு ஆபீசா?" என்றார் அவர் மனைவி, கட்டிலில் காலை நீட்டியபடி.

அந்தக் கால்தான் இந்த வீட்டின் பெரிய விஷயம். அவர் தையற்காரர். இரண்டு மாதத்துக்கு முன் படியில் விழுந்து முழங்கால் சிப்பி உடைந்து, அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. இப்போது முழங்கால் முப்பது டிகிரிதான் மடங்கியது. வாரத்தில் ஐந்து நாள், காலை பதினொரு மணிக்கு மருத்துவமனையில் பயிற்சி. ஒரு வாரம் விட்டால்கூட மூட்டு இறுகிப்போய் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார். அவரைக் கூட்டிப்போக அந்தப் பழைய காரை விட்டால் வழியில்லை. அதன் முன் இருக்கை மட்டும்தான் முழுவதும் பின்னால் போகும். நீட்டிய கால் நீட்டியபடியே உள்ளே கொள்ளும். புது டாக்சி ஒன்றில் முயன்றபோது பாதி உடம்பு வெளியே நின்றது.

"சொல்லிட்டு வந்துடறேன். அரை மணி நேரம் ஆகும்," என்றார் புரூஃப் சார்.

வாரியத்தின் வாசல் மரத்தால் ஆனது. காவலர் காரை உள்ளே விடவில்லை.

"வளாகத்துக்குள்ள உலோகம் வரக் கூடாது சார். முப்பத்தொரு வருஷமா இங்க ஒரு பொட்டுத் துரு கிடையாது. சாவி, பெல்ட், சில்லறை, கைக்கடிகாரம் எல்லாம் இந்தத் தட்டுல வைங்க. கண்ணாடியும்."

"கண்ணாடி எதுக்குங்க?"

"ஃபிரேம் கம்பி. வைங்க சார், தூசி படாம பார்த்துக்கறேன்."

உள்ளே மர நாற்காலிகள், மூங்கில் அலமாரிகள், நூலால் தைத்த கோப்புகள். குண்டூசி கிடையாது. ஜன்னல்களுக்குக் கம்பி கிடையாது. காற்று நன்றாக வந்தது. முதல் ஜன்னலில் இருந்த எழுத்தர் கனிவானவர்.

"எவ்வளவு பெரிசு?"

"முற்றுப்புள்ளி அளவு."

எழுத்தர் வருத்தப்பட்டார். "புள்ளிக்குப் படிவம் இல்லையே சார். முதல் நிலை பொத்தான், ரெண்டாம் நிலை தீப்பெட்டி, மூணாம் நிலை உள்ளங்கை, நாலாம் நிலை சாப்பாட்டுத் தட்டு. பொத்தான் ஆனப்புறம் வர்றீங்களா?"

"அதுவரைக்கும் விடக்கூடாதுன்னுதானே வந்தேன்."

"பாவம், அலையாதீங்க. பொத்தான்னே எழுதிக்கறேன். எப்படியும் ஆகிடும்."

கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் பொடி எழுத்தில் ஒரு பக்கம் முழுக்க ஏதோ இருந்தது. கண்ணாடி இல்லாமல் அது அவருக்கு எறும்பு ஊர்வதுபோலத் தெரிந்தது. இருபத்தாறு வருடத்தில் அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரே தாள் அதுதான்.

அந்தத் தாளின்படி வாரியத்திலிருந்து ஒரு அம்மாள் வாசலுக்கு வெளியே வந்தார். கையில் பசை வாளி, தோளில் பை. ஊரில் எல்லாரும் அவரைப் பசையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாரியத்தில் கார்களை நேரில் பார்க்கிற ஒரே ஊழியர் அவர்தான். மற்றவர்கள் வளாகத்தை விட்டு வெளியே வருவதில்லை. அவர் ஒரு லேபிளில் பசை தடவி, புள்ளியின் மேல் வைத்து அழுத்தி, ஈரத் துணியால் நீவிவிட்டார். 'இந்தத் துரு வாரியத்தின் கண்காணிப்பில் உள்ளது. தொடுவது குற்றம்.'

"திங்கக்கிழமை திங்கக்கிழமை வருவேன் சார். தண்ணி தெளிச்சு இதை எடுத்துட்டு, அடியில இருக்கறதை ஒரு டிரேசிங் பேப்பர்ல நீங்க வரைஞ்சுக்கணும். அப்புறம் புதுசு ஒட்டுவேன். வரைஞ்சதை உள்ள கொண்டுபோய்க் காட்டணும். காரைத்தான் விட மாட்டாங்க, பேப்பரை விடுவாங்க."

புரூஃப் சாருக்கு மனம் நிம்மதியாக இருந்தது. ஒரு பெரிய அலுவலகம் தன் புள்ளியைக் கவனித்துக்கொள்கிறது என்று நினைத்தபடி வண்டி ஓட்டினார். பெயின்டர் லேபிளைத் தொட்டுப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே சார்."

"பசை. காய்ஞ்சிடும்."

காயவில்லை. அந்த வாரம் மழை பெய்தது. லேபிள் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, பச்சைக் குழந்தையின் நெற்றியில் போட்ட ஈரத்துணிபோல, துருவைக் குளிர்ச்சியாகவே வைத்திருந்தது. திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தால் உண்மையாகவே பொத்தான். எழுத்தர் சொன்னது பலித்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை தீப்பெட்டி.

அளவுப் பிரிவு அதிகாரி இரண்டு டிரேசிங் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

"போன வாரம் பொத்தான்னு சொன்னீங்க. இப்ப தீப்பெட்டி. எதை நம்புறது?"

"ரெண்டும் உண்மைதான் சார். வளர்ந்திருக்கு."

"முதல்லயே தீப்பெட்டின்னு சொல்லியிருந்தா இந்தக் கோப்பு இவ்வளவு நேரம் அலைஞ்சிருக்காது. துரு வச்சிருக்கறவங்க கொஞ்சம் முன்யோசனையோட இருக்கணும்." அவர் மரக்கோலால் தாளை அளந்தார். "லேபிளை விட ஓரம் வெளிய வந்திருக்கு. துரு லேபிளுக்குள்ள அடங்கணும், அது விதி. பெரிய லேபிள் ஒட்டச் சொல்றேன்."

"சார், லேபிளாலதான் வளருதோன்னு..."

"அப்படிப் பார்த்தா இந்த ஊர்ல லேபிள் ஒட்டாத காரும் துருப் பிடிக்குதே."

"அது மெதுவா..."

"மெதுவாப் பிடிச்சாலும் துரு துருதான் சார். நாங்க பாரபட்சம் பார்க்கறதில்லை."

மூன்றாவது திங்கட்கிழமை உள்ளங்கை. அந்த வாரம் துருத் தடுப்பு வாரம். துரு உள்ளவர்கள் எல்லாரும் பெல்ட் இல்லாமல், கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாரியத்தின் இயக்குநர் பேசினார். வெள்ளைச் சட்டை, மரப் பொத்தான், நல்ல குரல்.

"முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால நான் பொறுப்பேத்துக்கிட்டப்ப இந்த வளாகத்துல இருநூறு இரும்பு நாற்காலி. அத்தனையிலயும் துரு. நிபுணர்கள் வந்தாங்க. ஒருத்தர் தண்ணிதான் காரணம்னார். இன்னொருத்தர் காத்துதான் காரணம்னார். நான் அமைதியா உட்கார்ந்து யோசிச்சேன். காரணம் ரெண்டும் இல்ல. இரும்பு. அன்னிக்குச் சாயங்காலமே இருநூறு நாற்காலியையும் வெளிய போட்டேன். மறுநாளிலிருந்து துரு இல்ல. நிபுணர்களும் வரல."

கைதட்டல் எழுந்தது. தட்டியவர்களுடைய கால்சட்டைகள் சற்று இறங்கின.

"துரு எப்படி இருக்கும்னுகூட எங்க இளைய அதிகாரிகளுக்குத் தெரியாது. அதுதான் எங்க சாதனை. பொதுமக்கள்தான் இன்னும் இரும்போட இருக்கீங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க."

புரூஃப் சார் எழுந்தார். "ஐயா, லேபிள் ஒட்டின இடத்துல துரு அதிகமாகுது."

இயக்குநர் புன்னகைத்தார். "ரொம்ப நல்ல கேள்வி. லேபிள் ஒட்டின இடத்துலயே துரு இருக்குன்னா, லேபிள் சரியான இடத்துல ஒட்டப்பட்டிருக்குன்னு அர்த்தம். எங்க ஊழியர்களோட துல்லியத்துக்கு இதைவிடச் சான்று வேணுமா?"

மறுபடி கைதட்டல். பின்வரிசையில் நின்ற பசையக்கா மட்டும் தட்டவில்லை. அவர் கையில் பசை இருந்தது.

நான்காவது திங்கட்கிழமை அது சாப்பாட்டுத் தட்டு. மறுநாள் உத்தரவு வந்தது. நான்காம் நிலைத் துரு உள்ள வண்டிகள் ஓடக் கூடாது. ஆற்றங்கரையில் வாரியத்தின் திறந்தவெளி ஓய்வு மைதானத்தில், தொண்ணூறு நாள் வெயிலிலும் மழையிலும் நிறுத்திக் கண்காணிக்கப்படும். புதன்கிழமை நான்காம் நிலை லேபிள் ஒட்டப்படும். வியாழக்கிழமை பத்தரை மணிக்கு இயக்குநரே நேரில் வந்து எடுத்துச் செல்வார். துருத் தடுப்பு வாரம் பொதுமக்கள் விருப்பத்துக்கிணங்க இரண்டு வாரமாக நீட்டிக்கப்பட்டிருந்தது, அதன் நிறைவு நிகழ்ச்சி அது.

புரூஃப் சார் உத்தரவை மூன்று முறை படித்தார். ஒரு பிழைகூட இல்லை.

"தொண்ணூறு நாளா?" என்றார் மனைவி. "நேத்துதான் அறுபது டிகிரி வந்துச்சு. பயிற்சி கொடுக்கற பொண்ணு அளந்து பார்த்துட்டு, 'இன்னும் ரெண்டு வாரம்மா, மிஷின் மிதிச்சிடலாம்'னு சொன்னா."

"என் தப்பு. ஞாயித்துக்கிழமையே தேய்ச்சிருக்கணும்."

"விடுங்க. உண்மையைச் சொன்னதுக்கெல்லாம் வருத்தப்பட்டா அப்புறம் எதுக்குத்தான் வருத்தப்படாம இருக்கறது." அவர் சுவர் பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்தார். பிரார்த்தனையாக இருக்கலாம், இயக்குநரைத் திட்டியதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் அவருக்கு உதடு ஒரே மாதிரிதான் அசையும்.

புதன்கிழமை பசையக்கா மேசை விரிப்பு அளவுள்ள லேபிளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தபோது, அவர்கள் மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அது லேசான காரியம் இல்லை. புரூஃப் சார் ஓட்டுநர் பக்கத்திலிருந்து மனைவியின் தோள்களைத் தாங்கி உள்ளே இழுக்க வேண்டும். வெளியே ஒருவர் குதிகாலை ஏந்தி, முழங்கால் மடங்காமல், காலை அதே மட்டத்தில் உள்ளே கொண்டுவர வேண்டும். வழக்கமாகப் பெயின்டர் ஏந்துவார். அன்று அவர் வர ஐந்து நிமிடம் தாமதம்.

பசையக்கா வாளியைக் கீழே வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, தானே குதிகாலை ஏந்தினார்.

"மெல்ல வாங்கம்மா. நான் பிடிச்சிருக்கேன், பயப்படாதீங்க. எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசம் ஆகப் போகுது. நாளையோட இதுவும் முடிஞ்சது. காரை நீங்க எடுத்துட்டுப் போயிடுவீங்களே."

கால் உள்ளே போய்ச் சேர்ந்ததும் பசையக்கா கதவை மெதுவாக மூடினார். பிறகு சுருட்டிய லேபிளை விரித்துத் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதோட பின்பக்கம் ஏதோ பொடி எழுத்துல போட்டிருக்கே. இருபது வருஷமா அதுமேலதான் பசை தடவுறேன். என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

புரூஃப் சாரிடம் அன்று கண்ணாடி இருந்தது. வாசித்தார். "'ஒட்டும் முறை. ஒட்டப்படும் இடத்தில் ஈரம், எண்ணெய், தூசி, உதிரும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. இருப்பின், ஒட்டுநர் அதை முழுமையாக நீக்கிய பின்னரே ஒட்ட வேண்டும்.'"

"உதிரும் பொருள்னா?"

புரூஃப் சார் மட்கார்டைப் பார்த்தார். பழைய லேபிளின் ஓரத்தில் துரு செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"சரி," என்றார் பசையக்கா. "அப்ப இத்தனை நாளும் என் வேலையை நான் அரைகுறையாத்தான் செஞ்சிருக்கேன். நீங்க போயிட்டு வாங்க. மத்தியானம் வரேன். உப்புத்தாள் யார்கிட்ட இருக்கும்?"

"அக்கா, உங்களுக்கு ஏதாவது பிரச்சினை வந்தா?"

"வந்தா வரட்டும் சார். விதியில இருக்கறதைச் செஞ்சதுக்கு என்ன கேட்பாங்க? கேட்டாலும் அவங்க வெளிய வந்துதானே கேட்கணும்."

இறைவன் சிலருக்கு அதிகாரம் கொடுக்கிறான், சிலருக்குப் பசை வாளி கொடுக்கிறான். தன் வேலையைப் பெரும்பாலும் வாளிக்காரர்களிடம்தான் ஒப்படைக்கிறான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

மத்தியானம் பெயின்டர் விரல் முட்டியால் மட்கார்டைத் தட்டிப் பார்த்தார். "ஓட்டை விழல. பொழச்சோம். இன்னும் ஒரு லேபிள் ஒட்டியிருந்தா கையை உள்ள விட்டு டயரைத் தொட்டிருக்கலாம்." முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு நைஸ் உப்புத்தாள். பசையக்கா தேய்த்தார், பெயின்டர் தேய்த்தார், புரூஃப் சாரும் தேய்த்தார். பழுப்புத் தூள் கீழே விரித்த செய்தித்தாளில் விழுந்தது. தகரம் பளிச்சென்று வந்ததும் பிரைமர். அது காய்ந்ததும் கலர், பிறகு இன்னொரு பூச்சு. சேறு அடைந்த உள்பக்கத்தைக் கழுவி, காயவிட்டு, அங்கேயும் ஒரு பூச்சு. மாலை வெயில் மட்கார்டின்மேல் நழுவிக்கொண்டு போயிற்று.

"லேபிள் ஒட்டலையா?" என்றார் பெயின்டர்.

"ஈரம் இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே. பெயின்ட் இன்னும் ஈரம்," என்றார் பசையக்கா.

வியாழக்கிழமை இயக்குநர் நடந்தே வந்தார். வாகனத்தில் ஏறுவதில்லை என்பது அவர் கொள்கை. பின்னால் பசையக்கா, கக்கத்தில் அந்த லேபிளோடு, ஒரு கையில் வாரியத்தின் பெரிய பதிவேட்டையும் மறு கையில் வாளியையும் சுமந்துகொண்டு. பெயின்டர் வேறு வேலைக்குப் போயிருந்தார். புரூஃப் சார் காரை வாசலில் நிறுத்தி, இடது கதவைத் திறந்து வைத்திருந்தார். மனைவி ஊன்றுகோலோடு நின்றிருந்தார்.

இயக்குநர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன் சக்கரத்தருகே குனிந்தார்.

"இதுதான் அதுவா?"

"அது சேறு சார்," என்றார் புரூஃப் சார்.

"இது?"

"அது விளக்கு. பக்கத்து இண்டிகேட்டர்."

இயக்குநர் நிமிர்ந்தார். "உங்க கோப்புல சாப்பாட்டுத் தட்டுன்னு இருக்கு. தட்டு எங்க?"

புரூஃப் சாருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "நேத்து தேய்ச்சு எடுத்துட்டோம் ஐயா."

"தொட்டீங்களா?"

"நான்தான் சார் தேய்ச்சேன்," என்றார் பசையக்கா. "லேபிளுக்குப் பின்னால போட்டிருக்கு. உதிர்றதை எடுத்துட்டுத்தான் ஒட்டணுமாம். எடுத்துப் பார்த்தா, ஒட்டறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல."

இயக்குநர் லேபிளை வாங்கிப் படித்தார். அதில் தன்னுடைய கையொப்பமும் இருந்ததைப் பார்த்தார். அவர் முகத்தில் முப்பத்தொரு வருடமாக ஏற்படாத ஒரு குழப்பம் ஏற்பட்டது.

"நான் நாலாம் நிலைத் துருவை எடுத்துட்டுப் போக வந்திருக்கேன். உத்தரவு இருக்கு, மைதானத்துல இடம் ஒதுக்கியாச்சு, நிறைவு உரையும் தயாரா இருக்கு. துருவே இல்லன்னா நான் எதை எடுத்துட்டுப் போறது? வெறும் காரையா?" அவர் திறந்த கதவுக்கு நேராக நின்று யோசித்தார். "இல்ல, உத்தரவு உத்தரவுதான். துரு இருந்த கார்னு எடுத்துக்கலாம். அப்படிப் பார்த்தா..."

"சார்," என்றார் மனைவி. "மணி பத்தே முக்கால். பதினொண்ணுக்கு நான் அங்க இருக்கணும். நீங்க காரை எடுக்கறதா இருந்தாலும் பன்னெண்டரைக்கு மேல எடுங்க. இப்ப நீங்கதான் பக்கத்துல நிக்கறீங்க. என் குதிகாலைக் கொஞ்சம் ஏந்துங்க."

"நானா?"

"ரெண்டு கையையும் அடியில கொடுங்க. தூக்க வேண்டாம், இறக்கவும் வேண்டாம். அப்படியே கூட வந்தாப் போதும். இறக்கினீங்கன்னா எனக்கு உயிர் போயிடும்."

புரூஃப் சார் அதற்குள் மறுபக்கம் ஏறித் தோள்களைத் தாங்கத் தயாராகிவிட்டார். இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார். இதற்கு எந்தப் பிரிவு அதிகாரி என்று தேடியதுபோல இருந்தது. யாரும் இல்லை. அவர் குனிந்து குதிகாலை ஏந்தினார்.

"இன்னும் கொஞ்சம் மேல சார். ஆங், அப்படியே. வாங்க, வாங்க."

மேடையில் அவ்வளவு பேசியவர், மூச்சைக்கூட விடாமல் ஒவ்வொரு அங்குலமாக நகர்ந்தார். நெற்றியில் வியர்த்தது. "வலிக்குதாம்மா?" என்று ஒரு முறை கேட்டார். "இல்ல சார், நல்லாப் பிடிக்கறீங்க," என்றார் அவர். கால் உள்ளே போய்த் தலையணையில் அமர்ந்தது. இயக்குநர் கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அதை ஏந்திய நிலையிலேயே வைத்திருந்தார்.

"கதவைச் சாத்துங்க சார்."

முழுக்க முழுக்க இரும்பாலான அந்தக் கதவை அவர் தன் கையால் சாத்தினார். ஒன்றும் ஆகவில்லை.

"அழுத்திச் சாத்துங்க, சரியா விழல."

இன்னொரு முறை சாத்தினார்.

"போயிட்டு வாங்க," என்றார். சொல்லிவிட்ட பிறகுதான் தான் காரை எடுத்துப் போக வந்தவர் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அதற்குள் கார் தெருமுனையில் திரும்பிவிட்டது.

பசையக்கா பதிவேட்டை மதில்மேல் வைத்து விரித்தார். "என்ன எழுதணும் சார்?"

இயக்குநர் அந்தக் காருக்கான வரிசையில் விரலை ஓட்டினார். தெரிவித்த நாள், பொத்தான், தீப்பெட்டி, உள்ளங்கை, தட்டு. கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. 'சரிசெய்யப்பட்டவை' என்று அதற்குத் தலைப்பு. அவர் முந்தைய பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தக் கட்டம் முழுக்க மேலிருந்து கீழாக மரக்கோல் வைத்து நேர்த்தியாக ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது.

"இதுல என்னம்மா போடுவாங்க?"

"யாரும் போட்டுப் பார்த்ததில்ல சார்."

அவர் வெகுநேரம் யோசித்து, 'ஒன்று' என்று எழுதினார். எண்ணாலும் எழுதினார். கீழே கையொப்பமிட்டார். மை காயும்வரை ஊதினார்.

"அடுத்தது எந்த வீடு?"

"மூணாவது தெரு சார். பால்காரர் வண்டி. உள்ளங்கை."

"அவருக்கு வண்டி எதுக்கு வேணுமாம்?"

பசையக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடத்தில் வாரியத்தில் யாரும் அவரிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"போய்க் கேட்டுக்கலாம் சார்," என்று பதிவேட்டை மூடினார். "வழியில பெயின்டர் வீட்டுல ரெண்டு உப்புத்தாள் வாங்கிக்கணும்."